பைக்ல எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வண்டில இதுவரைக்கும் மூணு தடவ ஸ்ட்ரிப் ஒட்டிருக்கேன், அதுல ரெண்டு தடவ நானே பிச்சு போட்டுட்டேன். மொத தடவ அழகுக்கு, ரெண்டாவது தடவ ரோஷத்துக்கு, மூணாவது தடவதான் கொஞ்சம் யோசிச்சு. இப்ப வண்டிய நிறுத்துனா தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க, கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். லைட் ஒட்றது அரை மணி நேர வேலை, வயரிங்தான் ஒரு நாள் வேலை, இத மட்டும் மொதல்லயே மனசுல வெச்சுக்கோங்க.

இது சும்மா ஷோவுக்குத்தானே? நெஜமாவே யூஸ் இருக்கா?

ஷோவுக்குத்தான் எல்லாரும் ஆரம்பிக்கறது, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒழுங்கா போட்டா யூஸும் இருக்கு. யோசிச்சு பாருங்க, நைட்ல பைக்க முன்னாடி இருந்து பாத்தா ஹெட்லைட் தெரியும், பின்னாடி இருந்து பாத்தா டெயில் லைட் தெரியும், சைடுல இருந்து பாத்தா? ஒண்ணுமே இல்ல. சின்னதா ஒரு ரிஃப்ளெக்டர் இருக்கும், அதுவும் எதிர் வண்டி லைட் நேரா அது மேல பட்டாதான் மின்னும். ஜங்ஷன்ல குறுக்க போறப்ப நம்ம வண்டி வெறும் இருட்டுதான்.

1981ல அமெரிக்காவுல ஹர்ட் ரிப்போர்ட்னு ஒண்ணு வந்துது, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த சுமார் 900 பைக் ஆக்சிடென்ட்ட ஸ்பாட்டுக்கே போய் பாத்து எழுதுனது. அதுல வேற வண்டியோட மோதுன கேஸ்ல மூணுல ரெண்டு பங்கு, எதிர் வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாம குறுக்க வந்ததாலதான் நடந்திருக்கு. கேட்டா பாக்கவே இல்லன்னு சொல்றது, இல்லன்னா பாக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு சொல்றது. இன்னிக்கும் அதே பதில்தான் கேக்கறோம்.

இன்னொன்னு, ஒத்த ஹெட்லைட் மட்டும் தெரிஞ்சா அது எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு வேகமா வருதுன்னு கண்ணால கணக்கு போடறது கஷ்டம். கீழ ரெண்டு பக்கமும் சின்னதா லைட் இருந்து மூணு புள்ளியும் சேந்து முக்கோணமா தெரிஞ்சா, கிட்ட வர வர அந்த முக்கோணம் பெருசாகறது எதிர்ல இருக்கறவருக்கு பளிச்சுனு புரியும். இது ஸ்ட்ரிப்புக்கும் பொருந்தும், ஃபோர்க்ல மாட்டற சின்ன எல்இடி லைட்டுக்கும் பொருந்தும்.

எந்த எடத்துல ஒட்டுனா நல்லா இருக்கும்?

எல்இடிய நேரா காட்டாதீங்க, அதோட வெளிச்சத்த காட்டுங்க. இது புரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. பல்பு புள்ளி புள்ளியா வெளிய தெரியற மாதிரி டேங்க் ஓரத்துல ஒட்டுனா திருவிழா சீரியல் செட் மாதிரிதான் இருக்கும், கண்ணும் கூசும். அதையே எஞ்சின் கார்டு உள்பக்கம், சீட்டுக்கு கீழ இருக்கற ஃப்ரேம் பைப்போட அடிப்பக்கம், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுக்கு மேலன்னு மறைவா ஒட்டி தரையையும் எஞ்சினையும் பாக்க திருப்பிட்டீங்கன்னா, வண்டிக்கு அடியில ஒரு வெளிச்ச குளம் மாதிரி தேங்கி நிக்கும், அதுதான் சைடுல இருந்து நல்லா தெரியற விஷயம்.

ஒட்டக்கூடாத எடம்: சைலன்சர் பெண்டு பைப் பக்கம், சிலிண்டர் ஃபின்னு, ரேடியேட்டர், செயின் கவர் உள்பக்கம், டயர் மேல ஏறி வர்ற தூரத்துல இருக்கற மட்கார்டு அடி. கடைசில சொன்னத நான் ஏன் சொல்றேன்னா, காலியா நிக்கறப்ப டயருக்கும் மட்கார்டுக்கும் நாலு விரல் கேப் இருக்கும், ரெண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்துல எறக்குனா அந்த கேப் எங்க போச்சுன்னே தெரியாது. டயர் ஸ்ட்ரிப்ப அப்படியே வழிச்சு எடுத்துட்டு போயிடும்.

ஹேண்டில்பார், மீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் வைசர்ல அதோட பிம்பம் விழும், முன்னாடி ரோடு தெரியாது.

எந்த கலர் வாங்கலாம்?

பளிச்சுனு தெரியணும்னா முன்பக்கமும் சைடுலயும் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்ச. ஆம்பர் எல்இடி வெளிச்சத்தோட அலைநீளம் 590 நானோமீட்டர் பக்கம் வரும், நம்ம கண்ணு நல்லா புடிக்கற ஏரியாவுக்கு பக்கத்துல இருக்கற கலர், ஹெட்லைட் வெள்ளையோட குழம்பாம தனியாவும் தெரியும். வெள்ளையும் ஓகே, ஆனா முன்னாடி மட்டும்.

எல்லாருக்கும் புடிச்சது நீலம்தான், தெரியும். ஆனா நீலத்துல ரெண்டு சிக்கல். ஒண்ணு, கண்ணுக்குள்ள நீல வெளிச்சம் விழித்திரைக்கு கொஞ்சம் முன்னாடியே ஃபோகஸ் ஆயிடும், அதனால தூரத்துல இருந்து பாத்தா ஓரம் மங்கி கலங்கலா தெரியும், எவ்வளவு தூரம்னு கணக்கு வராது. ரெண்டாவது, நெறைய நாட்டுல நீலம் போலீஸ், ஆம்புலன்ஸ் லைட்டு. (நீல எல்இடி உருப்படியா வந்ததே 1990கள்லதான், அத கண்டுபுடிச்சவங்களுக்கு 2014ல பிசிக்ஸ் நோபல் குடுத்தாங்க. நம்ம ஒட்ற வெள்ளை எல்இடி கூட உள்ள நீல சிப்புதான், மேல நீலத்த வெள்ளையா மாத்தற மஞ்ச பாஸ்பர் பூச்சு பூசிருப்பாங்க. அவங்க அவ்வளவு கஷ்டப்பட்டது நம்ம மட்கார்டுக்கு கீழ ஒட்றதுக்கான்னு சில நேரம் தோணும்.)

செவப்ப பின்னாடி ஒட்றவங்க கொஞ்சம் கவனம். டெயில் லைட்ட சுத்தி எப்பவும் பளபளன்னு செவப்பு எரிஞ்சுட்டே இருந்தா, பிரேக் புடிக்கறப்ப மாறுதல் தெரியாது. பின்னாடி வர்றவருக்கு நீங்க பிரேக் போட்டீங்களா, எப்பவும் அப்படித்தானான்னு புரியாது. பின்னாடி செவப்பு வேணும்னா பிரேக் வயரோட சேத்து, பிரேக் புடிச்சா மட்டும் எரியற மாதிரி பண்ணிடுங்க, அது நெஜமாவே நல்ல வேலை.

பேட்டரி தாங்குமா?

கணக்கு ஈசி. ஸ்ட்ரிப் பாக்கெட்ல ஒரு மீட்டருக்கு எத்தன வாட்டுனு போட்ருப்பாங்க. 5050 டைப் (இது எல்இடியோட சைஸ் நம்பர்), மீட்டருக்கு 60 எல்இடி இருக்கறது பொதுவா 14.4 வாட், அதாவது 12 வோல்ட்ல 1.2 ஆம்ப். சின்ன சைஸ் 3528, அதே 60 எல்இடி, வெறும் 4.8 வாட், 0.4 ஆம்ப். ஒரு பைக்குக்கு ஒன்றரை மீட்டர் தாராளம், அப்ப 5050ல கிட்டத்தட்ட 22 வாட், 1.8 ஆம்ப் வரும்.

எஞ்சின் ஓடிட்டு இருந்தா இது பெரிய விஷயம் இல்ல. எஞ்சின் ஆஃப்ல ஃபோட்டோ எடுக்கறேன்னு எரிய விட்டாதான் பிரச்சன. 5 ஆம்ப் ஹவர் பேட்டரில 1.8 ஆம்ப் இழுத்தா ஏட்டுக்கணக்குல மூணு மணி நேரம் கூட வராது, செல்ஃப் அடிக்க தெம்பு போறது அதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துடும். செல்ஃப் மட்டும் இருக்கற வண்டி, கிக்கர் இல்லன்னா தள்ள ஆள் தேடணும்.

சரியா பாக்கணும்னா மல்டிமீட்டர் வெச்சு பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் குடுத்தா 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். இப்ப ஹெட்லைட், ஸ்ட்ரிப், பிரேக் எல்லாத்தையும் ஆன்ல வெச்சு ஐட்லிங்ல விடுங்க. மீட்டர் 13க்கு மேல நின்னா நிம்மதி. 12.6க்கு கீழ எறங்கிட்டே போச்சுன்னா, சிக்னல்ல நிக்கறப்ப எல்லாம் நீங்க பேட்டரில இருந்து கடன் வாங்கறீங்கன்னு அர்த்தம், ஸ்ட்ரிப் நீளத்த கொறைங்க.

12 வோல்ட் ஸ்ட்ரிப்புதானே, பேட்டரியும் 12 வோல்ட்டுதானே, நேரா குடுத்தா என்ன?

இதுதான் நெறைய பேருக்கு தெரியாத விஷயம், இதுலதான் என் மொத ஸ்ட்ரிப் போச்சு.

வண்டி 12 வோல்ட்னு பேருக்குதான், எஞ்சின் ஓடறப்ப அது 14 தாண்டிடும். ஸ்ட்ரிப்ல மூணு எல்இடியும், கரண்ட கட்டுப்படுத்தற ஒரு ரெசிஸ்டரும் வரிசையா ஒரு செட்டா இருக்கும். வெள்ளை எல்இடி ஒண்ணு 3.1 வோல்ட் எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க, மூணுக்கு 9.3 போச்சு. 12 வோல்ட் குடுத்தா மிச்சம் 2.7 ரெசிஸ்டர் மேல விழும். 14.4 குடுத்தா 5.1 விழும். அதாவது வோல்டேஜ் ஏறுனது அஞ்சுல ஒரு பங்குதான், ஆனா உள்ள ஓடற கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும், ரெசிஸ்டர் சூடு ரெண்டு மடங்க தாண்டிடும். மொத வாரம் செம்ம பிரைட்டா இருக்கு மச்சின்னு சொல்லிட்டு இருப்போம், ரெண்டாவது மாசம் ஒவ்வொரு செட்டா மங்க ஆரம்பிக்கும், அங்கங்க பழுப்பு கலர்ல புள்ளி விழும்.

வண்டிக்குன்னே செஞ்ச, 9ல இருந்து 16 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு எழுதிருக்கற ஸ்ட்ரிப் வாங்கறது ஒரு வழி. இல்லன்னா வோல்டேஜ கொறைச்சு 12லயே நிறுத்தற ஸ்டெப் டவுன் மாட்யூல் ஒண்ணு நடுவுல போட்டுடுங்க, தீப்பெட்டி சைஸ்தான், சீட்டுக்கு கீழ போயிடும்.

கனெக்‌ஷன் எங்க இருந்து எடுக்கணும்?

ஹெட்லைட் வயர உரிச்சு முறுக்கி டேப் சுத்தறது மட்டும் வேண்டாம். அதுவும் சில பழைய சின்ன வண்டில ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டோல (எஞ்சின் சுத்தறதுல கரண்ட் எடுக்கற பார்ட்) இருந்து நேரா ஏசி கரண்ட் வரும், அதுல எல்இடி குடுத்தா வெட வெடன்னு நடுங்கும், சீக்கிரம் செத்தும் போயிடும்.

நல்ல வழி ரிலே, அதாவது சின்ன கரண்ட் வந்தா பெரிய கரண்ட தொறந்து விடற ஸ்விட்ச். நாலு கால் இருக்கும், நம்பர் கீழயே எழுதிருக்கும். 30ம் நம்பர் கால் பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஃப்யூஸ் வழியா, 87 ஸ்ட்ரிப்புக்கு, 85 எர்த்துக்கு (பேட்டரி மைனஸ் சேர்ற ஃப்ரேம்), 86 டெயில் லைட் வயருக்கு. சாவி போட்டா ரிலே டிக்குனு சத்தம் வந்து ஸ்ட்ரிப் எரியும், சாவி எடுத்தா அணைஞ்சுடும். டெயில் லைட் வயர்ல இருந்து ரிலே இழுக்கறது 0.15 ஆம்ப் மாதிரிதான், அதனால கம்பெனி வயரிங்குக்கு பாரம் ஏறாது. தனியா ஒரு ஸ்விட்ச் வேணும்னா அந்த 86 வயர் நடுவுல போட்டுக்கோங்க, சின்ன ஸ்விட்ச்சே போதும்.

வேலைக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் கழட்டிடுங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா அதையே மாட்டுங்க. ப்ளஸ் மொதல்ல கழட்டுனா ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டு பொறி பறக்கும், பாத்தவங்களுக்கு தெரியும்.

ஜாயிண்ட் எல்லாம் கிரிம்ப் பண்ணி (அழுத்தி நசுக்கி), சூடு பட்டா சுருங்கற, உள்பக்கம் பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு சூடு காட்டுங்க. ட்யூப்ப வயர்ல மொதல்ல கோத்துட்டு அப்புறம் ஜாயிண்ட் போடணும், இத நான் இத்தன வருஷமா தெரிஞ்சு வெச்சுருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாயிண்ட்லயாவது மறந்துடறேன்.

ஃப்யூஸ் கண்டிப்பா வேணுமா? சின்ன லைட்டுதானே?

வேணும். ஃப்யூஸ் லைட்ட காப்பாத்த இல்ல, வயர காப்பாத்த. லைட் சின்னதுதான், ஆனா பேட்டரி சின்னது இல்ல, வயர் எங்கயாவது உரசி ஃப்ரேம்ல பட்டா பேட்டரி இருக்கற மொத்த கரண்டையும் அதுல தள்ளிடும், மேல பெட்ரோல் டேங்க் இருக்கு. 2 ஆம்ப் கிட்ட ஓடற செட்டப்புக்கு 3 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ், பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு ஜாணுக்குள்ள. தூரத்துல லைட் பக்கம் ஃப்யூஸ் போட்டா நடுவுல இருக்கற வயருக்கு காவல் இல்ல.

ஆர்ஜிபி (செவப்பு, பச்ச, நீலம் மூணும் சேந்த) செட் போட்டேன், ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் பச்ச மட்டும் எரியுது. ஏன்?

கிட்டத்தட்ட நிச்சயமா ஏதோ ஒரு வயர் ஃப்ரேம்ல படுது. சாதாரண லைட்ல ப்ளஸ்தான் ஸ்விட்ச் ஆகும், மைனஸ் எப்பவும் பாடி எர்த்து. ஆர்ஜிபி ஸ்ட்ரிப்ல அது தலைகீழ்: ப்ளஸ் மூணு கலருக்கும் பொது, கன்ட்ரோலர் ஒவ்வொரு கலரோட மைனஸத்தான் தொறந்து மூடும். அதனால பச்ச வயர் தோல் உரிஞ்சு ஃப்ரேம்ல பட்டா, கன்ட்ரோலர கேக்காமலே அது எர்த் ஆயி பச்ச முழு வெளிச்சத்துல எரியும்.

எனக்கு இதே தான் ஆச்சு. ஹேண்டில லெஃப்ட்ல ஒடிச்சா பச்ச வரும், நேரா வெச்சா போயிடும். கன்ட்ரோலர் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கி மாட்டுனேன், அதுலயும் அதே கதை. கடைசில டேங்க கழட்டி பாத்தா ஸ்டீரிங் கழுத்து பக்கம் கேபிள் டை இறுக்கமா போட்டுருந்த எடத்துல, ஒடிக்க ஒடிக்க வயர் ஃப்ரேம் வெல்டிங் மேல அறுபட்டு ரெண்டு மில்லிமீட்டர் செம்பு மின்னுது. அந்த ரெண்டு மில்லிமீட்டருக்கு ஒரு ஞாயித்துக்கிழம போச்சு. அதனால கழுத்து தாண்டி போற எந்த வயருக்கும் கொஞ்சம் தொள தொளன்னு நீளம் விட்டு, மேல ஸ்லீவ் போட்டு, ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு பாத்துட்டுதான் டை போடணும்.

இன்னொரு குழப்பம், நெறைய ஆர்ஜிபி ஸ்ட்ரிப்ல வர்ற நாலு வயர்ல கருப்புதான் ப்ளஸ். கருப்புன்னா மைனஸ்னு பழகுன கை அத எர்த்ல கொண்டு போய் வெச்சுடும். ஸ்ட்ரிப் மேல 12V-ன்னு அச்சடிச்ச எடத்துக்கு எந்த வயர் போகுதுன்னு பாத்துக்கோங்க.

அஞ்சாறு நாள் வண்டி எடுக்கல, பேட்டரி டவுன். லைட் ஆஃப்லதான் இருந்துது!

லைட் ஆஃப், கன்ட்ரோலர் ஆஃப் இல்ல. ரிமோட், ப்ளூடூத் கன்ட்ரோலர் எல்லாம் எப்ப கூப்பிடுவீங்கன்னு காத தீட்டி வெச்சு உக்காந்துருக்கும், அதுக்கு கரண்ட் வேணுமே. 20 மில்லி ஆம்ப் இழுத்தா ஒரு நாளைக்கு 0.48 ஆம்ப் ஹவர், 5 ஆம்ப் ஹவர் பேட்டரி அஞ்சு நாள்ல பாதி காலி. கன்ட்ரோலருக்கு கரண்ட ரிலேக்கு அப்புறம் எடுங்க, சாவி எடுத்தா அதுவும் தூங்கிடும். போன்ல இருந்து லைட் போட்டு காட்டற சந்தோஷம் போயிடும்தான்.

ஒட்டுனா ரெண்டே நாள்ல உரிஞ்சு தொங்குது.

ஸ்ட்ரிப் பின்னாடி வர்ற பசைய நம்பாதீங்க. வண்டி பாகத்துல பாலிஷ், ஆயில், மெழுகு ஏதாவது ஒரு படலம் இருக்கும், ஷாம்பு போட்டு கழுவுனா மட்டும் போகாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் துணில தொட்டு தொடைங்க, காய விடுங்க, தொடச்ச எடத்த வெரலால தொடாதீங்க. 3எம் விஹெச்பி மாதிரி தடிமனான ரெட்ட பக்க டேப்ல ஒட்டி ஒவ்வொரு இஞ்சுக்கும் நல்லா அழுத்துங்க. அந்த டேப் முழு புடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும், ஒட்டுன ராத்திரியே ரைடு போயிட்டு வாட்டர் வாஷ் விட்டா அது என்ன பண்ணும் பாவம். ரெண்டு முனையிலயும் ஒரு கேபிள் டை போட்டு வெச்சா டேப் விட்டாலும் ஸ்ட்ரிப் செயின்ல போய் சிக்காது.

ஐபி67னு போட்ருக்கு, அப்ப தண்ணி பிரச்சன இல்லதானே?

ஐபி67ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் முங்கி இருந்தாலும் உள்ள தண்ணி போகாதுன்னு சோதிச்சது. மழைக்கு தாராளம். ஆனா பிரஷர் வாஷர் அது இல்ல, அந்த சூடான ஹை பிரஷர் தண்ணிக்கு தனி ரேட்டிங், ஐபி69. அதனால கழுவறப்ப வாஷர் துப்பாக்கிய கிட்ட கொண்டு வராதீங்கன்னு சொல்லி வைங்க.

பெரிய ஓட்டை நாமளே போடறது. ஸ்ட்ரிப்ப கத்தரிக்கோலால வெட்டுன உடனே அந்த ரேட்டிங் அந்த முனையில செத்துப்போச்சு, தண்ணி உள்ள ஏறி செம்பு பச்சையா பூத்துடும். மூடி போட்டு சிலிக்கான் வெச்சு அடைங்க, வினிகர் வாசன வர்ற சிலிக்கான் வேண்டாம், அதுல வர்ற அமிலம் செம்ப அரிக்கும். நியூட்ரல் க்யூர்னு எழுதிருக்கறத வாங்குங்க.

நடுவுல மூணே மூணு எல்இடி மட்டும் எரியல, மத்தது எல்லாம் ஓகே. மொத்தமா மாத்தணுமா?

வேண்டாம். மேல சொன்ன மூணு எல்இடி செட்டு ஒண்ணு போயிருக்கு, அவ்வளவுதான். கத்தரிக்கோல் குறி இருக்கற எடத்துல அந்த செட்ட மட்டும் வெட்டி வேற செட்டு சால்டர் வெச்சுக்கலாம். ஓட்டம் ஓடற மாதிரி டிசைன் காட்டற பிக்சல் ஸ்ட்ரிப்னா கத வேற, பல மாடல்ல ஒரு எல்இடி போனா அதுக்கு பின்னாடி இருக்கறது எல்லாமே போயிடும்.

பிளிங்க் மோடு, பாட்டுக்கு ஆடற மோடு போட்டு ஓட்டலாமா?

நிறுத்தி வெச்சு போடுங்க, ஓட்றப்ப வேண்டாம். ரோட்ல மின்னற லைட்டுன்னா இண்டிகேட்டர், எமர்ஜென்சி வண்டி. கீழ நாலு கலர் ஆடிட்டு இருந்தா நீங்க போட்ட இண்டிகேட்டர எவனும் கவனிக்க மாட்டான்.

போலீஸ் புடிப்பாங்களா?

ஊருக்கு ஊர் சட்டம் வேற, உங்க ஊர் ரூல நீங்கதான் பாத்துக்கணும். பொதுவா எங்கயும் சிக்கல்ல மாட்டறது மூணு: முன்னாடி பாக்கற செவப்பு, பின்னாடி பாக்கற வெள்ளை, நீலமும் மின்னற லைட்டும். முன்னாடி செவப்பும் பின்னாடி வெள்ளையும் காட்டக்கூடாதுங்கறது 1968 வியன்னா ரோடு ஒப்பந்தத்துலயே இருக்கு, ரிவர்ஸ் லைட் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. சில எடத்துல ஒட்டி வெச்சுக்கலாம், ரோட்ல எரிய விடக்கூடாதுன்னும் இருக்கு. கம்பெனி ஹார்னஸ் வயர வெட்டிருந்தா வாரண்டில தகராறு வரும், இன்ஷூரன்ஸ்லயும் கேப்பாங்க, அதுக்காகவும்தான் ரிலே வெச்சு தனி வயரிங் போட சொல்றேன்.

இண்டிகேட்டரையும் எல்இடியா மாத்துனேன், பட பட பட்டுனு வேகமா அடிக்குது.

இண்டிகேட்டர மின்ன வைக்கற பார்ட்தான் ஃபிளாஷர். பழைய ஃபிளாஷர், பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாத்துதான் அடிக்கும், எல்இடி கம்மியா இழுக்கறதால பல்பு ஃபியூஸ் போச்சுன்னு நெனச்சுக்குது. எல்இடிக்குன்னு இருக்கற ஃபிளாஷர் மாத்துங்க. ரெசிஸ்டர் போட்டு ஏமாத்தறதும் ஒரு வழிதான், ஆனா அது கைய வெச்சா சுடற அளவுக்கு காயும், பிளாஸ்டிக்ல ஒட்டி வெச்சா உருகிடும்.

இவ்வளவு வேலை நம்மால ஆகாது, வேற ஈசியா ஏதாவது?

ரிஃப்ளெக்டிவ் டேப். ரெண்டு வீல் ரிம் ஓரத்துலயும் சுத்தி ஒட்டிடுங்க, சைடு பாக்ஸ் இருந்தா அதுலயும். பேட்டரி வேண்டாம், ஃப்யூஸ் வேண்டாம், எந்த கன்ட்ரோலரும் காத தீட்டாது. குறுக்க போறப்ப எதிர் வண்டி லைட் பட்டா ரெண்டு வட்டம் உருண்டு போறது தெரியும், அது பைக்குன்னு யாரும் யோசிக்கவே வேண்டாம். என் வண்டில ஸ்ட்ரிப் ரெண்டு தடவ போச்சு, மொத வருஷம் ரிம்ல ஒட்டுன டேப் இன்னும் அப்படியேதான் இருக்கு.